பதினாறு புள்ளி

காலை ஏழேகாலுக்கு வெட்ட வேண்டும்.
எட்டரை தாண்டினால் வேர்நுனி சோம்பிவிடும்.
பத்தொன்பது வருஷமாய் வெங்காயத்துக்கு நல்ல நேரம் பார்த்துத்தான்
பள்ளத்தூரில் பஸ் ஏறுகிறேன்
காரைக்குடிக் கல்லூரி லேபுக்கு.

ஹார்லிக்ஸ் பாட்டில் வாயில் உட்கார்ந்து
மூன்று நாளாய்த் தண்ணீருக்குள் தாடி விட்டிருக்கும்.
நறுக்கி, அமிலத்தில் ஓர் இரவு ஊறவிட்டு,
கார்மைன் ஒரு சொட்டு,
ஸ்பிரிட் விளக்கில் லேசாய் ஒரு வாட்டு வாட்டி
மேல்வில்லை மூடிக் கட்டைவிரலால் ஒரே அழுத்து.
வழுக்கினால் போச்சு.

பிறகு லென்ஸுக்குள் குனிந்தால்
சிவப்பு நூல் சிக்கல்.
அதில் தலைப்பு எது, முடிவு எது என்று தேடாதீர்கள்.
முக்கியமான காரியம் அதற்கு முன்பே முடிந்திருக்கும்,
யாரும் பார்க்காத நேரத்தில்:
ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப்போலவே இன்னொன்றைச் செய்து
இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருக்கும்.
இரட்டிக்காமல் பிரிவதில்லை
என்று வெங்காயத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் உருளி ஒன்றுதான்.
எடை போட்டு, விற்று, பணத்தைப் பிரித்தார்கள்.

சிக்கல் முறுகும். குட்டையாகும். தடிக்கும்.
உட்கருவின் உறை கரையும், கடப்பாரை சத்தமில்லாமல்.
இப்போது எண்ணலாம், பதினாறு.
எண்ணும்போதெல்லாம் வாய் தானாகப்
பதினாறு புள்ளி என்கிறது,
வளவில் குடும்பங்களை எண்ணுகிற மாதிரி.

பதினாறும் நடுக்கோட்டுக்கு வரும்.
இரண்டு கோடியிலிருந்தும் இழைகள் வந்து
இடுப்பைப் பற்றும்.
ஒன்றே ஒன்றை இழை இன்னும் பிடிக்கவில்லை என்றால்
மற்ற பதினைந்தும் இழுபட்டபடியே நிற்கும்.
அது வந்து சேரும்வரை பிரிவினை இல்லை.

தேவகோட்டைக் கோர்ட்டில்
பினாங்கிலிருக்கும் சின்னக் கொழுந்தன் வரவில்லை.
மூன்று வாய்தா. எக்ஸ்பார்ட்டி.
அவர் அறைப் பூட்டில் எறும்பு மண் வைத்திருக்கிறது.

அனாபேஸில் பையன்கள் கூட்டம் போடுவார்கள்.
ஒட்டியிருந்த இடுப்பு ஒரே நொடியில் விட
இந்தப் பக்கம் பதினாறு, அந்தப் பக்கம் பதினாறு.
இடுப்பு முன்னே போக, கைகள் பின்னால் இழுபட,
விட்டு வந்த இடத்தைத் துழாவுவது போலிருக்கும்.
"பாசம் இல்லைடா, திரவம் தடுக்குது" என்பேன்.
ராயவரத்துப் பையன் ஒருவன், ஆதைக்கலம்,
"எப்ப மேடம் நகரும்?" என்று
அரைமணி நேரம் கண்ணை எடுக்கவேயில்லை.
நகராது.
இந்தச் செல் இப்படியே செத்தது,
பக்கத்துச் செல் வேறு மாதிரி.
வரிசைப்படுத்திக் கதையாக்குகிறவர்கள் நாம்தான்.

வியாழக்கிழமை அமீனா டேப்பை இழுத்தார்.
கோடு ஏழாவது தூணின் நடுவயிற்றில் விழுந்தது.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
தூணுக்குக் குரோமோசோம் தெரியாது.
"தூண் பொது" என்று எழுதி
இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினார்.

கொத்தனார் சேவுகன்
வெளிச்சுவரில் ஆரம்பித்து உள்நோக்கிக் கட்டி வந்தார்.
வெங்காயச் செல் மாற்றிச் செய்யும்:
சுவரை நட்டநடுவில் தொடங்கி
ஓரம் நோக்கி வளர்க்கும்.
வளர்க்கும்போதே இண்டு விட்டுத்தான் வளர்க்கும்.
பிரிந்தபின் சர்க்கரை, உப்பு, சேதி எல்லாம்
அந்த இண்டு வழியே போய்வரும்.
இதைச் சேவுகனிடம் சொல்லவில்லை.
சொன்னால் கூலி கூட்டிக் கேட்பார்.

ஆனால் சாரம் கட்ட விட்ட ஓட்டை ஒன்று
என் அடுப்படி உயரத்தில் இருந்தது.
பூசுகிற அன்று அதை அடைக்க மறந்தாரா,
சிமெண்ட் தீர்ந்ததா, தெரியாது.

நேற்று ராத்திரி அதற்குள்ளிருந்து
என் ஓரகத்தி தேனம்மையின் குரல்.
ஏழு மாதத்தில் முதல் பேச்சு:
"வெங்காயம் இருக்கா?"

லேபில் மிஞ்சியது பையில் கிடந்தது.
"இருக்கு. ஆனா வேரை நறுக்கிட்டேன்."

"வேரா போட்டுக் கொழம்பு வைக்கப் போறேன்?"
என்று ஓட்டைக்குள் கையை நீட்டினாள்.